நீரால் எரியும் மலை

இந்தோனேசியாவில், கிழக்கு ஜாவாவின் இஜென் எரிமலைக்கு ஏறுகிறவர்களுக்கு நாள் நள்ளிரவிலேயே தொடங்கிவிடும். மலைப்பாதை தொடங்கும் பால்துடிங் கடல்மட்டத்திலிருந்து சுமார் 1,850 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அந்தக் குளிரில் சின்னச் சின்னக் கடைகள் விளக்கைப் போட்டுக்கொண்டு விழித்திருக்கும். சூடாகக் காபி, நூடுல்ஸ், கம்பளித் தொப்பி, கையுறை, தலையில் மாட்டிக்கொள்ளும் டார்ச், அப்புறம் வாடகைக்கு வாயு முகமூடி. எரிமலைக்குப் போகிறவர் எதற்குப் பயப்பட வேண்டும் என்பதை அந்தக் கடையே சொல்லிவிடுகிறது. நெருப்பிலிருந்து காப்பாற்றுகிற பொருள் எதுவும் அங்கே கிடைக்காது. இருப்பதெல்லாம் குளிருக்கும் மூச்சுக்கும்தான்.

எரிமலை என்றதும் நமக்குச் சினிமாவில் பார்த்த செந்நிறக் குழம்புதான் நினைவுக்கு வருகிறது. அது துரத்த, கதாநாயகன் ஓடுவான். உண்மையில் லாவாவிடம் சிக்கி இறந்த பயணிகள் மிகக் குறைவு. ஹவாய்த் தீவில் லாவா வழியும்போது மக்கள் பக்கத்தில் நின்று படம் எடுத்திருக்கிறார்கள். பெரும்பாலான ஓட்டங்களை நடந்தே முந்திவிடலாம். பயணிகளைக் கொன்றவை வேறு: நீராவி வெடித்துக் கிளப்பிய கற்கள், கொதிக்கும் சாம்பல் மேகம், கண்ணுக்குத் தெரியாத வாயு. இவற்றின் பின்னால் போய்ப் பார்த்தால் பெரும்பாலும் நீர் நிற்கிறது. இன்னும் கீழே போனால், இஜென் போன்ற மலைகளின் நெருப்பை மூட்டியதே நீர்தான் என்று தெரியவரும். எனக்கு எரிமலைகளைப் பற்றிய வியப்புகளில் தலையானது இதுதான்.

பூமிக்கு அடியில் பாறைக்குழம்பு கடலாக நிரம்பியிருக்கிறது, எங்கே ஓட்டை கிடைக்கிறதோ அங்கே பொங்குகிறது என்று பலர் எண்ணிக்கொண்டிருக்கிறார்கள். அப்படி ஒரு கடல் இல்லை. நம் காலுக்குக் கீழே உள்ள மேலோடும், அதற்கடியில் 2,900 கிலோமீட்டர் ஆழம்வரை நீளும் கவசமும் ஏறக்குறைய முழுக்கத் திடப்பாறை. கவசம் கடுமையாகச் சூடேறியிருக்கிறது; ஆனால் மேலிருந்து அழுத்தும் பாரம் அதை உருகவிடாமல் வைத்திருக்கிறது. ஆகவே கேட்க வேண்டிய கேள்வி, அது ஏன் சில இடங்களில் மட்டும் உருகுகிறது என்பதுதான்.

ஜாவாவுக்குத் தெற்கே இந்தியப் பெருங்கடலின் தரை ஆண்டுக்கு 6, 7 சென்டிமீட்டர் வேகத்தில் வடக்கே நகர்ந்து, ஜாவாவுக்கு அடியில் செருகி இறங்குகிறது. கோடிக்கணக்கான ஆண்டுகள் கடலில் ஊறிய தரை அது. அதன் வண்டலிலும் பாறையிலும் நீர் இருக்கிறது. விரிசல்களில் தேங்கிய நீர் மட்டுமன்று, கனிமங்களின் அமைப்புக்குள்ளேயே கட்டுண்ட நீரும் உண்டு. ஏறக்குறைய 100 கிலோமீட்டர் ஆழத்தை எட்டும்போது, வெப்பமும் அழுத்தமும் தாங்காமல் அந்தக் கனிமங்கள் சிதைகின்றன. கட்டவிழ்ந்த நீர் மேலே உள்ள கவசப் பாறைக்குள் ஏறுகிறது. அந்தப் பாறை ஏற்கெனவே உருகுநிலைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருக்கிறது. நீர் கலந்ததும் அதன் உருகுநிலை பல நூறு டிகிரி இறங்கிவிடுகிறது. புதிதாக வெப்பம் எதுவும் சேராமலே பாறை உருகத் தொடங்குகிறது. அப்படிப் பிறந்த மாக்மா, சுற்றியுள்ள பாறையைவிட இலேசாக இருப்பதால் மேலே ஏறி, ஜாவாவின் முதுகில் வரிசையாக மலைகளை எழுப்பியிருக்கிறது. (ஹவாய் எரிமலைகளின் கதை வேறு. அங்கே ஆழத்திலிருந்து சூடான பாறையே மேலெழுந்து, பாரம் குறைவதால் உருகுகிறது.)

இந்த வரிசை ஜாவாவோடு நிற்கவில்லை. மேற்கே சுமத்ரா, அங்கிருந்து வடக்கே திரும்பி அந்தமான் கடல். போர்ட் பிளேருக்கு வடகிழக்கே சுமார் 140 கிலோமீட்டர் தொலைவில் உள்ள பாரன் தீவு இந்தியாவின் ஒரே உயிர்ப்புள்ள எரிமலை. 150 ஆண்டுகளுக்கு மேல் உறங்கிவிட்டு 1991இல் மறுபடி வெடித்தது. அந்தமானுக்கு அடியில் இறங்குவது இந்தியத் தட்டு, அதாவது சென்னையும் மதுரையும் எந்தத் தட்டின் மேல் உட்கார்ந்திருக்கின்றனவோ அதே தட்டு. ஜாவாவுக்கு அடியில் போவது அதன் தெற்குப் பங்காளியான ஆஸ்திரேலியத் தட்டு.

மாக்மா ஏறும்போது நீரையும் கூடவே கொண்டுவருகிறது. ஆழத்தில் அழுத்தம் அதிகம் என்பதால் நீர், கரியமில வாயு, கந்தக வாயுக்கள் எல்லாம் குழம்பில் கரைந்தே இருக்கும். மேலே வர வர அழுத்தம் குறையும். கரைந்தவை குமிழியாகப் பிரியும். கோலி சோடாவில் குண்டை அழுத்தியதும் நடப்பதும் இதே இயற்பியல்தான். ஹவாயின் இளகிய குழம்பிலிருந்து குமிழி எளிதாகத் தப்பிவிடும். ஜாவாவின் குழம்பில் சிலிக்கா அதிகம், பிசுபிசுப்பு அதிகம். குமிழி மாட்டிக்கொண்டு, பாறையையே தூளாக்கி வெடித்துக் கிளம்பும். எரிமலை வாயுவில் பெரும்பகுதி, பல மலைகளில் பத்தில் எட்டு ஒன்பது பங்கு, வெறும் நீராவி. தொலைவிலிருந்து பார்க்கும்போது மலை புகைவிடுகிறது என்கிறோம். புகைவதற்கு அங்கே எதுவும் எரியவில்லை. நாம் காண்பதில் பெரும்பகுதி மேகம்.

இஜெனில் மட்டும் உண்மையாகவே ஒன்று எரிகிறது. அதைப் பார்க்கத்தான் நள்ளிரவில் ஏறுகிறார்கள்.

பால்துடிங்கிலிருந்து எரிவாயின் விளிம்புக்கு மூன்று கிலோமீட்டர். எண்ணிக்கையைக் கேட்டால் எளிதாகத் தோன்றும்; அந்த மூன்று கிலோமீட்டரில் ஐந்நூறு மீட்டர் உயரம் ஏற வேண்டும். பழக்கமில்லாதவருக்கு இரண்டு மணி நேரம் ஆகும். நடக்க முடியாதவர்களுக்குத் தள்ளுவண்டி இருக்கிறது. முன்பு கந்தகம் சுமந்தவர்களில் பலர் இப்போது பயணிகளை வண்டியில் உட்காரவைத்து, ஒருவர் பின்னால் தள்ள இருவர் முன்னால் கயிறு கட்டி இழுக்க, மேலே கொண்டுபோகிறார்கள். அதற்கு ‘லம்போர்கினி’ என்று வேடிக்கையாகப் பேர் வைத்திருக்கிறார்கள். விளிம்பை அடைந்ததும் எரிவாய்க்குள்ளே செங்குத்தான கல்வழி இறங்குகிறது. இரவில் இந்த இறக்கம்தான் ஏற்றத்தைவிடச் சிரமம். எதிரே சுமையோடு யாராவது ஏறி வந்தால் ஒதுங்கி வழிவிட வேண்டும். வேலைக்கு வந்தவருக்கே அங்கே முதல் உரிமை.

கீழே இருட்டில் நீலத் தீ. சில இடங்களில் நாக்கு நாக்காக, சில இடங்களில் சரிவில் வழிந்து ஓடுவதுபோல. இணையத்தில் இதை ‘நீல லாவா’ என்று எழுதுகிறார்கள், அது தவறு. லாவா எந்த மலையிலும் நீலமாக ஒளிர்வதில்லை. பாறைப் பிளவுகளிலிருந்து கந்தகம் நிறைந்த வாயு பீறிட்டு வருகிறது. சில துளைகளில் அதன் வெப்பம் 600 டிகிரி செல்சியஸ் வரை போகும். அவ்வளவு சூட்டில் காற்றிலுள்ள ஆக்சிஜனைத் தொட்டதும் வாயு தானே பற்றிக்கொள்கிறது. எரியும்போது கிளர்ச்சியடையும் கந்தக மூலக்கூறுகள் நீல ஒளியை உமிழ்கின்றன. சுடர் ஐந்து மீட்டர் உயரம்வரை எழுவதுண்டு. வாயுவின் ஒரு பகுதி குளிர்ந்து திரவக் கந்தகமாகி, எரிந்துகொண்டே சரிவில் வழிகிறது. அதுதான் ஓடும் தீயாகத் தெரிகிறது. பகலிலும் இதே தீ எரிகிறது. சூரிய வெளிச்சத்தில் கண்ணுக்குப் படாது, அவ்வளவே.

விடிந்ததும் இன்னொரு காட்சி. தீ எரிந்த இடத்துக்குப் பக்கத்திலேயே, எரிவாயை நிரப்பிக்கொண்டு ஒரு ஏரி கிடப்பது தெரியும். ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர் நீளம், 200 மீட்டர் ஆழம், பச்சையும் நீலமும் பாலோடு கலந்த ஒரு நிறம். நீந்தலாம் போலிருக்கும். அதன் பிஎச் அளவு 0.5க்கும் கீழே. எலுமிச்சைச் சாற்றின் பிஎச் சுமார் 2. ஒவ்வொரு எண் இறங்கும்போதும் அமிலம் பத்து மடங்கு ஏறும் என்பதால், இந்த ஏரி எலுமிச்சைச் சாற்றைவிட முப்பது மடங்குக்கும் மேல் கடுமையானது. கந்தக அமிலமும் ஹைட்ரோகுளோரிக் அமிலமும் ஏறக்குறைய 3 கோடி கன மீட்டர் அளவுக்குத் தேங்கி நிற்கின்றன. உலகில் இவ்வளவு கடுமையான அமில ஏரிகளில் இதுவே பெரியது.

இதைத் தயாரிப்பதும் நீர்தான். கிழக்கு ஜாவாவின் மழை எரிவாயில் தேங்குகிறது. அடியிலிருந்து கந்தக டைஆக்சைடு, ஹைட்ரஜன் குளோரைடு, ஹைட்ரஜன் ஃபுளூரைடு வாயுக்கள் அந்த நீரில் வந்து கரைகின்றன. அமிலம் பாறையைத் தின்கிறது. இரும்பு, அலுமினியம் போன்ற உலோகங்கள் நீரில் இறங்குகின்றன. மிதக்கும் நுண்ணிய கந்தகத் துகள்கள் வெளிச்சத்தைச் சிதறடிக்கின்றன. அந்த மயக்கும் நிறம் இப்படி வந்தது. ஒரு வகையில் ஏரி பயணிகளுக்கு உதவியும் செய்கிறது: காற்றில் வந்திருக்கவேண்டிய வாயுவில் பெரும்பங்கை அது விழுங்கிக்கொள்கிறது. எப்போதும் அப்படி நடந்துகொள்வதில்லை. 2018 மார்ச் மாதம் ஏரியிலிருந்து திடீரென்று வாயு குமிழிட்டு வெளிவந்து அடிவாரக் கிராமங்களுக்குப் பரவியது. பலர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். நூற்றுக்கும் மேற்பட்டோர் வீட்டை விட்டு வெளியேற நேர்ந்தது. 1817இல் மலை வெடித்தபோது ஏரி நீரே வெளியே வாரியிறைக்கப்பட்டு, சேற்று வெள்ளமாக இறங்கியது. அதை மனத்தில் வைத்துத்தான் டச்சுக்காரர்கள் நீர்மட்டத்தைக் கட்டுப்படுத்த ஏரியின் மேற்கு விளிம்பில் மதகு கட்டினார்கள். இடிபாடாக அது இன்னும் நிற்கிறது.

ஏரியின் கசிவு அந்த மேற்குச் சரிவில் பான்யுபாஹித் என்ற ஆறாக இறங்குகிறது. கீழே சமவெளியில் அந்த நீர் பாசனத்துக்குப் போகிறது. வழியில் வேறு ஓடைகள் கலந்து அமிலம் தணிந்தாலும் ஃபுளூரைடு முழுதாக விலகுவதில்லை. அசெம்பாகுஸ் பகுதியின் கிணற்று நீரிலும் அதைக் கண்டிருக்கிறார்கள். பற்களில் பழுப்புக் கறை படிந்த மக்கள் அங்கே உண்டு. தருமபுரி, கிருஷ்ணகிரிக்காரர்களுக்கு அந்தக் கறையை விளக்க வேண்டியதில்லை. நம் பக்கம் அது பழம்பாறையிலிருந்து நிலத்தடி நீருக்கு வருகிறது, அங்கே எரிமலையிலிருந்து வருகிறது. படம் எடுத்துத் திரும்பும் பயணிக்கு ஏரி அந்தக் காலையோடு முடிந்துபோகும். ஆற்றின் கீழ்க்கரையில் இருப்பவர்கள் அதன் நீரோடுதான் காலம் முழுவதும் வாழ்கிறார்கள்.

கந்தகச் சுரங்கக்காரர்களைப் பற்றிச் சொல்லாமல் இஜெனைப் பற்றி எழுத முடியாது. ‘சுரங்கம்’ என்று சொன்னாலும் தோண்டுவது கிடையாது. வாயு வரும் துளைகளின் மேல் நீண்ட குழாய்களைப் பொருத்தியிருக்கிறார்கள். வாயு குழாய்க்குள் குளிர்ந்து, மறுமுனையில் செம்மஞ்சள் திரவமாகச் சொட்டுகிறது. ஆறி உறைந்ததும் பளிச்சென்ற மஞ்சள் கட்டி. அதைக் கடப்பாறையால் உடைத்து, இரண்டு மூங்கில் கூடைகளில் நிரப்பி, காவடிபோல் தோளில் ஏற்றிக்கொண்டு எரிவாயின் சுவர்மேல் ஏறுகிறார்கள். ஒரு நடைக்கு 70 முதல் 90 கிலோ. எடைக்குத்தான் கூலி. பலரிடம் முகமூடிகூட இருப்பதில்லை. ஈரத்துணியைப் பல்லில் கடித்துக்கொண்டு புகைக்குள் போகிறார்கள். கந்தக டைஆக்சைடு நீரில் கரையும் என்பதால் ஈரத்துணி கொஞ்சம் உதவும், கொஞ்சம் மட்டும். தோளில் காய்ப்புக் காய்த்த மேட்டைப் பயணிகள் படம் எடுக்கிறார்கள். அந்தக் கந்தகத்தில் ஒரு பகுதி ஜாவாவின் சர்க்கரை ஆலைகளுக்குப் போகிறது. கரும்புச் சாற்றை வெளுப்பாக்க கந்தகத்தை எரித்த வாயுவைச் செலுத்துவார்கள். நம் நாட்டு ஆலைகளில் பெரும்பாலானவையும் வெள்ளைச் சர்க்கரையை இந்த முறையில்தான் காய்ச்சுகின்றன. காபியைக் கலக்கும்போது இது நினைவுக்கு வந்தால் தவறில்லை. முகமூடியை மாட்டிக்கொண்டு, மாட்டாதவரின் தோளைப் படம் எடுப்பது மட்டும் எனக்கு ஒப்பவில்லை. எடுத்தே ஆக வேண்டுமென்றால் அவரைக் கேட்டுவிட்டு எடுக்கலாம். சுமையோடு இருக்கும்போது நிறுத்தி வைக்காமல் இருக்கலாம்.

இனி உயிர் போகும் விஷயத்துக்கு வருவோம். நீர் கொதித்து நீராவியாகும்போது, சாதாரண காற்றழுத்தத்தில் அதன் கன அளவு ஏறக்குறைய 1,700 மடங்கு பெருகும். எரிமலையின் உச்சிக்குச் சற்றுக் கீழே, பாறை விரிசல்களில் மழைநீர் தேங்கியிருக்கிறது; கீழிருந்து சூடு ஏறுகிறது. மேலே வண்டலும் களிமண்ணும் அடைத்துக்கொண்டால் நீர் நூறு டிகிரியைத் தாண்டியும் கொதிக்க முடியாமல் அடைபட்டுக் கிடக்கும். அடைப்பு விட்டுப்போகும் நொடியில் எல்லாம் ஒரே வீச்சில் நீராவியாகி, மேலே உள்ள பாறையை உடைத்து வீசும். மாக்மா மேலே வரவே வேண்டியதில்லை. சிக்கல் அங்கேதான் இருக்கிறது. மாக்மா ஏறினால் நாட்கணக்கில், வாரக்கணக்கில் நிலம் அதிரும், மலை வீங்கும், கருவிகள் சொல்லிவிடும். நீராவி வெடிப்புக்கு அப்படிப்பட்ட முன்னறிவிப்பு பெரும்பாலும் இருப்பதில்லை.

ஜப்பானின் ஒன்டாகே மலை, 2014 செப்டம்பர் 27. சனிக்கிழமை, இலையுதிர் காலத்து நிறங்களுக்குப் பேர்போன பருவம், நல்ல வெயில். 3,067 மீட்டர் உச்சியில் நூற்றுக்கணக்கானோர் மதிய உணவுப் பொட்டலத்தைப் பிரிக்கும் நேரம். எச்சரிக்கை நிலை 1, அன்றைய வழக்கில் ‘இயல்பு நிலை’. 11:41க்கு மலைக்குள் இடைவிடாத அதிர்வு தொடங்கியது. 11:45க்கு மலையின் சாய்வில் மாற்றம். 11:52க்கு வெடித்தது. பதினோரு நிமிடம். கருவிகள் சரியாகவே பதிவு செய்தன. ஆனால் அந்த இடைவெளியில் உச்சியில் இருப்பவருக்குச் சொல்லி, அவர் இறங்கி முடிப்பதற்கு வழியே இல்லை. 58 பேர் இறந்தார்கள், ஐந்து பேர் கிடைக்கவே இல்லை. பெரும்பாலோரைக் கொன்றது வானத்திலிருந்து விழுந்த கற்கள். அதன்பிறகு ஜப்பானிய வானிலை நிறுவனம் நிலை 1க்கு ‘இயல்பு’ என்ற சொல்லைக் கைவிட்டது. ‘இது உயிர்ப்புள்ள எரிமலை என்பதைக் கவனத்தில் கொள்ளுங்கள்’ என்ற பொருளில் மாற்றிக்கொண்டது. உச்சியில் காங்கிரீட் புகலிடங்கள் கட்டப்பட்டன.

நியூசிலாந்தின் வகாரி தீவு, 2019 டிசம்பர் 9. கப்பலிலும் படகிலும் வந்த பயணிகளும் வழிகாட்டிகளுமாக 47 பேர் தீவில் இருந்தபோது பிற்பகல் 2:11க்கு நீராவி வெடித்தது. 22 பேர் இறந்தார்கள். தப்பியவர்களில் பலருக்குத் தீராத தீக்காயம். மூன்று வாரத்துக்கு முன்பே எச்சரிக்கை நிலையை 1இலிருந்து 2க்கு உயர்த்தியிருந்தார்கள். சுற்றுலா நிற்கவில்லை. மேற்கு சுமத்ராவின் மராபி, 2023 டிசம்பர் 3: மலையில் 75 பேர் ஏறியிருந்த ஞாயிற்றுக்கிழமை வெடித்து, 24 பேரைக் கொன்றது. அந்த மலை 2011 முதலே எச்சரிக்கை நிலை 2இல் இருந்தது. எரிவாயிலிருந்து மூன்று கிலோமீட்டருக்குள் போகக்கூடாது என்று எரிமலை ஆய்வு மையம் சொல்லிவந்தது. வனக் காப்பகத்தின் மலையேற்ற அனுமதிச் சீட்டோ இணையத்தில் விற்பனையில் இருந்தது. ஒரு துறை வேண்டாம் என்றது, இன்னொரு துறை சீட்டுக் கொடுத்தது. இந்த முரணைப் படித்துவிட்டு நாம் அதிர்ச்சியடைந்ததாகக் காட்டிக்கொள்ள வேண்டாம். நம் ஊர் அலுவலகங்களும் அறியாததல்ல. பயணிக்கு இதில் கிடைக்கும் பாடம் நேரானது: அனுமதிச் சீட்டு கிடைத்தது என்பது மலை பாதுகாப்பாக இருக்கிறது என்பதற்குச் சான்று ஆகாது.

நிபுணர்களையும் மலை விடுவதில்லை. கொலம்பியாவின் கலேராஸ் எரிமலை 1993 ஜனவரியில் வெடித்தபோது எரிவாய்க்குள் இருந்தவர்கள், ஒரு மாநாட்டுக்கு வந்து ஆய்வுக்காக இறங்கிய எரிமலை அறிஞர்கள். அவர்களில் ஆறு பேரும், உடன் இருந்த பயணிகள் மூவரும் இறந்தார்கள்.

கல்லாவது கண்ணுக்குத் தெரியும். வாயு அப்படியன்று. ஹைட்ரஜன் சல்ஃபைடு அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும் என்று பள்ளியில் படித்திருக்கிறோம். பள்ளியில் சொல்லாத மீதி: அளவு கூடினால் அது மூக்கின் நுகரும் திறனையே முடக்கிவிடும். நாற்றம் நின்றுபோனதும் ஆபத்து நீங்கியதாக நினைப்பவர் உண்மையில் ஆபத்தின் நடுவில் இருக்கக்கூடும். கரியமில வாயுவுக்கு நிறமும் இல்லை மணமும் இல்லை. காற்றைவிட ஒன்றரை மடங்கு கனமானது, பள்ளங்களில் போய்த் தேங்கும். நடு ஜாவாவின் தியெங் பீடபூமியில் அர்ஜுனன், பீமன், கடோத்கசன் பெயர்களைத் தாங்கிய பழைய சிவன் கோவில்கள் நிற்கின்றன. அந்தப் பீடபூமியின் சினிலா எரிவாய் 1979 பிப்ரவரி 20 விடியற்காலையில் நீராவி வெடிப்பாகச் சீறியது. மக்கள் வெடிப்புக்குப் பயந்து வீட்டை விட்டு ஓடினார்கள். ஓடிய வழியில் நிலத்துப் பிளவுகளிலிருந்து கசிந்து தேங்கியிருந்த கரியமில வாயுவுக்குள் போய் விழுந்தார்கள். 149 பேர் அந்தச் சாலையிலேயே இறந்தார்கள்.

இந்தோனேசியாவில் மலையேறுகிற ஒவ்வொரு கல்லூரி மாணவருக்கும் சோ ஹோக் கீயின் பெயர் தெரியும். சுகார்னோ ஆட்சியை எதிர்த்து எழுதிய மாணவர் தலைவர், நாட்குறிப்பால் புகழ்பெற்றவர், மலைப்பித்தர். ஜாவாவின் உச்சியான செமேருவில் (3,676 மீட்டர்) 1969 டிசம்பர் 16 அன்று நச்சு வாயுவைச் சுவாசித்து இறந்தார். மறுநாள் 27 வயது நிறைந்திருக்கும். செமேரு உச்சி திறந்திருந்த காலத்தில், முற்பகல் ஏறுவதற்குள் இறங்கிவிடுங்கள் என்பது வழிகாட்டிகளின் கண்டிப்பான விதி. வெயில் ஏறக் காற்று திசை மாறி வாயுவை நடைபாதைப் பக்கம் தள்ளும். வானம் தெளிவாக இருப்பதால் இன்னும் கொஞ்சம் இருந்து பார்த்துவிட்டுப் போகலாம் என்று தோன்றும் நேரமும் அதுதான்.

இவ்வளவுக்குப் பிறகும் எரிமலைச் சரிவுகளில் இலட்சக்கணக்கானோர் வாழ்கிறார்களே என்றால், ஜாவாவின் பிரோமோ எரிமலைக்குப் போய்ப் பார்க்க வேண்டும். பத்துக் கிலோமீட்டர் அகலமுள்ள தெங்கர் பெருவாய். அதன் அடியில் சாம்பல் மணற்பரப்பு. நடுவே 2,329 மீட்டர் உயரத்தில் புகைந்துகொண்டிருக்கும் பிரோமோ. பெருவாயின் வெளிச்சுவரில், ஏணி வைத்து ஏற வேண்டிய சாய்வில், தெங்கர் மக்கள் முட்டைக்கோசும் உருளைக்கிழங்கும் வெங்காயத்தாளும் பயிரிடுகிறார்கள். எரிமலைச் சாம்பல் சிதைந்த மண் அவ்வளவு வளம். இவர்கள் இந்துக்கள், மலையின் பெயர் பிரம்மனிடமிருந்து வந்தது. கசடா மாதத்துப் பௌர்ணமியையொட்டி மலையடிவாரக் கோவிலில் பூசை முடிந்து, நெல், காய்கறி, பழம், கோழி, ஆடு எல்லாவற்றையும் கொண்டுபோய் எரிவாய்க்குள் எறிகிறார்கள். எரிவாயின் உட்சரிவில் வலையும் துணியும் விரித்துக்கொண்டு வேறு சிலர் நிற்பார்கள்; விழுகிற ஆட்டையும் கோழியையும் பிடித்து வீட்டுக்குக் கொண்டுபோவார்கள். சாமிக்குப் போட்டதை எடுக்கலாமா என்று யாரும் சண்டைக்கு வருவதில்லை. விளிம்பில் ஒரு பிள்ளையார் சிலை இருக்கிறது. அவருக்கும் ஆட்சேபமில்லை போலும்.

அப்படியானால் போகலாமா, வேண்டாமா? போகலாம் என்றே சொல்வேன். எரிவாயின் விளிம்பில் நின்று பார்த்தவர் பாடப்புத்தகத்துப் பூமியை மறுபடி அதே கண்ணால் படிக்க மாட்டார். ஆனால் சில விஷயங்களில் பிடிவாதம் வேண்டும். இந்தோனேசியாவில் எரிமலைகளுக்கு நான்கு எச்சரிக்கை நிலைகள் உண்டு. பண்டுங் நகரிலுள்ள எரிமலை ஆய்வு மையம் ‘மாக்மா இந்தோனேசியா’ என்ற இணையதளத்தில் அன்றாடம் வெளியிடுகிறது. கிளம்புவதற்கு முந்தின மாலை அதைப் பாருங்கள். எரிவாயிலிருந்து எத்தனை கிலோமீட்டர் விலகியிருக்கச் சொல்கிறார்கள் என்பதையும் பாருங்கள். துணி முகமூடியும் கொரோனா கால முகமூடியும் வாயுவைத் தடுக்காது. அமில வாயுவுக்கான வடிகட்டி பொருத்திய முகமூடி தேவை. அதுவும் கரியமில வாயுவிடம் செல்லாது. ஆகவே பள்ளத்தில் உட்கார்ந்து இளைப்பாறாதீர்கள். காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்த்து, அதற்கு எதிர்ப்பக்கம் நில்லுங்கள். ஆஸ்துமா, இதயக் கோளாறு உள்ளவர்கள் விளிம்போடு நின்றுவிடுவது நல்லது. படத்துக்காகப் பின்னால் பின்னால் நகர வேண்டாம். 2024இல் ஒரு சீனப் பயணி இஜெனின் விளிம்பில் அப்படித்தான் விழுந்து இறந்தார். எரிவாய்க்குள் இருக்கும் நேரத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள். நீராவி எப்போது வெடிக்கும் என்று யாராலும் சொல்ல முடியாத இடத்தில், அங்கே எவ்வளவு நேரம் இருக்கிறோம் என்பது ஒன்றுதான் நம் கையில் இருக்கிறது.

மலை மூடியிருக்கிறது என்று பால்துடிங்கில் சொன்னால், கைக்கூலி கொடுத்து வேறு வழி தேடாமல் திரும்பிவிடுங்கள். இஜென் பீடபூமியில் டச்சுக்காரர் காலத்து அராபிகா காபித் தோட்டங்கள் இருக்கின்றன, பிளவானில் வெந்நீர் ஊற்று இருக்கிறது. அந்த நாளை அங்கே கழிக்கலாம். காபியும் நன்றாகவே இருக்கும்.